கர்ப்போட்ட மேகமும் நெய்வேலிப் புகையும்

கடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர்:

மழை வருவதை எதை வைத்துக் கண்டுகொள்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒன்றாக எறும்பு, ஈசல், தட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. நிலத்தில் நின்று தெற்கே பார்த்தால் முந்திரித் தோப்புக்கு மேலே புகை தெரியும். ஆனி, ஆடியில் மேல்காற்று அதைக் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஐப்பசியில் புகை தென்மேற்கே சாய்ந்து சில நாட்கள் அப்படியே நின்றுவிட்டால், வடகிழக்குப் பருவக்காற்று நிலைகொண்டுவிட்டது என்று பொருள். அப்பா மல்லாட்டை (வேர்க்கடலை) விதையைப் பரணில் ஏற்றிவிடுவார். மார்கழிப் பட்டத்துக்குத்தான் அது கீழே இறங்கும்.

கோடையில் புகையைப் பார்த்துப் பயனில்லை. சித்திரை, வைகாசியில் களத்தில் முந்திரிக்கொட்டை காயும். பிற்பகலில் கடல்காற்று உள்ளே வரும். நான்கு மணிக்கு மேல் கல்வராயன் மலைத் திசையில் மேகம் திரண்டு உயர்ந்தால், அது அந்தியில் இங்கே வந்து இடித்துக் கொட்டலாம். விழுப்புரம் பக்கம் ஒதுங்கியும் போகலாம். மேகத்தைவிடக் காற்றைத்தான் கவனிக்க வேண்டும். கிழக்கேயிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்று, புழுங்கி, பிறகு மேற்கேயிருந்து குளிர்ந்து அடித்தால் களத்தைக் கூட்டி அள்ள அரை மணிகூடக் கிடைக்காது. அங்கே பெய்யும் மழையால் குளிர்ந்து கனத்த காற்று, மழைக்கு முன்பாகவே தரையோடு பரவி வருகிறது. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கர்ப்போட்டம் பற்றி. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் இரண்டு வாரங்களில் மேகம் எப்படி ஓடுகிறது என்று பார்த்து, அடுத்த மழைக்காலத்தைக் கணிக்கும் வழக்கம் இது. மேகம் கருக்கொள்ளும் காலம் என்பது நம்பிக்கை. மேகம் நகர்ந்து இலேசாகத் தூறினால் நல்லது. பலத்த மழை பெய்துவிட்டால் கரு கலைந்துவிட்டது, அடுத்த ஆண்டு பொய்த்துவிடும். எங்கள் ஆயா அந்த நாட்களில் காலையும் மாலையும் மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, காலண்டர் தாளில் கரிக்கோடு போட்டு வைப்பார்.

தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே. கர்ப்போட்டம் தொடங்கிய கையோடு வந்தது. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்கள்; அதை நம்பி முந்திரியை முட்டுக்கொடுக்காமல் விட்டவர்கள் பலர். முட்டுக்கொடுத்திருந்தாலும் நின்றிருக்காது என்பது வேறு விஷயம். இரவெல்லாம் வடக்கேயிருந்து அடித்த காற்று காலையில் கொஞ்ச நேரம் அடங்கியது. முடிந்தது என்று பெரியப்பா கதவைத் திறந்தார். ஆயா அதட்டி உள்ளே இழுத்தார். அடுத்து தெற்கேயிருந்து வந்ததுதான் பெரிய காற்று. முதல் காற்றில் வேர் அசைந்து நின்ற பலா மரங்களை எல்லாம் இரண்டாவது சாய்த்தது. தாத்தா காலத்து மரங்கள். ஊரில் பல குடும்பங்களுக்குப் பெண்ணின் கல்யாணச் செலவும் பிள்ளையின் படிப்புச் செலவும் அந்த மரங்களிலிருந்து வந்தவை.

அன்று மாலை ஆயா சொன்னது, “கரு கலைந்துவிட்டது, வருகிற வருஷம் வானம் பார்க்க வேண்டியதுதான்” என்பது. அதேபோல 2012-இல் வடகிழக்குப் பருவமழை குறைந்தது. 2013-இல் சென்னை தவிர எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதன்பிறகு எங்கள் தெருவில் ஆயாவின் காலண்டருக்கு இருந்த மதிப்பு பஞ்சாங்கத்துக்குக்கூட இல்லை.

ஆனால் 2021 ஜனவரியையும் சொல்ல வேண்டும் அல்லவா? அதுவும் கர்ப்போட்ட நாட்கள்தான். மாநிலம் முழுக்கப் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைத்தது. கணக்குப்படி அந்த ஆண்டு காய்ந்திருக்க வேண்டும். நவம்பரில் தென்பெண்ணை கரை மீறி கடலூர்ப் புறநகருக்குள் புகுந்தது. ஒத்துப்போன ஆண்டை ஊரே சொல்கிறது, ஒத்துப்போகாத ஆண்டை ஒருவரும் சொல்வதில்லை. பத்து மாதம் கழித்துப் பெய்யப்போகும் மழையை இங்கே ஓடும் மேகம் அறியும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆயாவின் தாள்களை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவற்றில் பனி விழுந்த நாட்களும் இருக்கின்றன. முந்திரி பூக்கும் தையில் மூட்டமும் பனியும் எப்போது வந்தன, தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி எப்போது பூவைக் கருக்கியது என்று பார்க்க அவை உதவுகின்றன.

பாகூரிலிருந்து ஒருவர்:

அண்ணன் சொல்வது சரி. ஆனால் தலைக்கு மேலே இருக்கிற வானம்கூட அன்றைய நாளைச் சொல்லிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, நகராமல் எங்கள் மேலேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். பிறகு மழை விட்டது, மாட்டை அவிழ்த்துக் கட்டினோம், நனைந்த வைக்கோலைப் பிரித்துப் போட்டோம். தண்ணீர் அதற்கப்புறம்தான் வந்தது. புயல் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியிருந்தது; தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். டிசம்பர் 2, 3 தேதிகளில் எங்கள் ஆற்றோரக் கிராமங்கள் மூழ்கின. வெயில் அடிக்கும்போது வெள்ளம் வந்தால் வயதானவர்களை வீட்டைவிட்டுக் கிளப்ப முடியாது. எங்கள் சித்தப்பா வானத்தைக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டார். இப்போது நாங்கள் பார்ப்பது கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மழை அளவும் சாத்தனூர் நீர்மட்டமும்தான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர்:

எங்களுக்குக் கடலும் உண்டு, கொஞ்சம் சவுக்குக் கொல்லையும் உண்டு. உங்கள் ஆயா கதவைச் சாத்தியது பெரிய காரியம். நடுவில் காற்று அடங்கியது புயலின் கண். வாடை (வடகாற்று) அடித்து ஓய்ந்தால் சோழகம் (தென்காற்று) திரும்பி அடித்து முடியும்வரை எங்கள் பக்கம் யாரும் வெளியே போகமாட்டார்கள். காற்று திசை மாறாமல் படிப்படியாகக் குறைந்தால்தான் நம்பலாம். விழுந்த தோப்பில் மறுபடி என்ன வைத்தீர்கள்?

கடாம்புலியூர்க்காரர்:

முந்திரிக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ.3 ஒட்டுக்கன்று. கவாத்து செய்து மரத்தை உயரவிடாமல் வைத்திருக்கிறோம், காற்று பிடிக்காது. பலா மட்டும் விழுந்த மரத்தின் பழத்துக் கொட்டையிலிருந்து அம்மா முளைக்க வைத்ததுதான். வரப்போரம் நட்டோம். ஒட்டுப்பலாவே வை என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை.