மூன்று கொட்டேஷன், மூன்று விதமான கணக்கு: வேலி வேலையை யாரிடம் கொடுப்பது?

தூக்கணாங்குருவி:
வணக்கம். வீட்டைச் சுற்றி மூன்று பக்கம் கம்பி வேலி போட வேண்டும், நாலாவது பக்கம் ஏற்கெனவே மதில் இருக்கிறது. மொத்தம் 160 அடி, அதில் 12 அடி கேட். மூன்று கான்ட்ராக்டர்களிடம் கொட்டேஷன் வாங்கினேன், வாங்கிய பிறகுதான் தலைவலியே ஆரம்பித்தது. முதல் ஆள் ரன்னிங் அடிக்கு, அதாவது நீளத்தில் ஓர் அடிக்கு, இவ்வளவு என்று எழுதி, அடியில் பொடி எழுத்தில் "கேட் தனி" என்று போட்டிருக்கிறார். இரண்டாமவர் சதுர அடிக் கணக்கு: 160 அடி நீளம், 6 அடி உயரம், 960 சதுர அடி. கேட் அதில் சேர்த்தியா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்றாமவர் ஒரே வரியில் "செயின் லிங்க் (பின்னிய கம்பி வலை) வேலி அமைத்துத் தர" என்று எழுதி ஒரு தொகையைப் போட்டுவிட்டார், அது முதல் ஆள் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு. ஆனால் நேரில் வந்து டேப் பிடித்து அளந்து, கடப்பாரையால் இரண்டு இடத்தில் மண்ணைக் குத்திப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மற்ற இருவரும் போனிலேயே முடித்துவிட்டார்கள்.

வீட்டில் குறைச்சலாகச் சொன்னவருக்கே கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. எதை வைத்து ஒப்பிடுவது?

கணக்குப்பிள்ளை:
முதலில் மூன்றையும் ஒரே அளவைக்குக் கொண்டுவாருங்கள். 160 அடியில் கேட் போக 148 அடிதான் வேலி, அதாவது 888 சதுர அடி. இரண்டாமவர் 960 போட்டிருக்கிறார். கேட்டையும் சேர்த்து என்றால் சரி, தனி என்றால் கேட் இருக்கும் இடத்துக்கு 72 சதுர அடி வலைக்காசும் கொடுத்து, கேட்டுக்கும் காசு கொடுக்கப் போகிறீர்கள்.

அப்புறம் அந்த "6 அடி". எது 6 அடி என்று கேட்டீர்களா? தரைக்கு மேலே வலை 6 அடியா, வலை 5 அடியும் அதற்கு மேல் ஓர் அடிக்கு முள்கம்பியுமா, இல்லை வலையைத் தாங்க நடும் வேலிக்கால் மொத்தமே 6 அடி நீளமா? கடைசியாகச் சொன்னது என்றால் ஒன்றரை அடி மண்ணுக்குள் போய்விடும், மிஞ்சுவது நாலரை அடி. மூன்றையுமே "6 அடி வேலி" என்று எழுதுகிறவர்கள் உண்டு.

அடுத்தது கம்பி கனம். கேஜ் எண் ஏற ஏற கம்பி மெலியும், இதிலேயே பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். 8 கேஜ் ஏறக்குறைய 4 மி.மீ., 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.64. பார்க்க ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும், ஆனால் கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், கண்ணி (வலையின் ஓட்டை) அளவு ஒன்றாக இருந்தால் 10 கேஜ் வலையில் 12 கேஜைவிட ஒன்றரை மடங்கு இரும்பு இருக்கும், 8 கேஜில் கிட்டத்தட்ட 2.4 மடங்கு. ஆக உங்கள் மூன்றாமவரின் ஒன்றரை மடங்கு விலை அநியாயமா நியாயமா என்று கேஜ் தெரியாமல் சொல்லவே முடியாது. கண்ணி 2 அங்குலமா 3 அங்குலமா என்றும் கேளுங்கள். பச்சைப் பூச்சு போட்ட வலை என்றால் சொல்லும் கேஜ் பூச்சோடு சேர்த்தா, உள்ளே இருக்கும் கம்பிக்கு மட்டுமா என்று கேட்டு, ஒரு துண்டு வாங்கி நுனியைச் சுரண்டி அளந்துவிடுங்கள்.

நடுவழி:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மூன்று கொட்டேஷன் வந்தால் நடு விலையைப் பிடி, முடிந்தது. நான் எப்போதும் அப்படித்தான்.

மண்வெட்டி:
நடு விலைக்காரர் நடுத்தர வேலை செய்வார் என்று யார் சொன்னது, அண்ணே? மெலிந்த கம்பியைப் போட்டு நடு விலை சொன்னால் அவர்தான் மூவரிலும் அதிகம் வாங்குகிறவர்.

தூக்கணாங்குருவி, கம்பியைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள், நான் காலைப் பற்றிச் சொல்கிறேன். வேலியின் உயிர் அங்கேதான், ஆள் கை வைப்பதும் அங்கேதான். உங்கள் 148 அடியை ஒரே நேர்கோடாக வைத்துப் பார்த்தாலே, 8 அடிக்கு ஒரு கால் என்றால் 20 கால் வரும், 10 அடிக்கு ஒன்று என்றால் 16. நாலு கால், நாலு குழி, அதற்கான கான்கிரீட் எல்லாம் மிச்சம், பேப்பரில் அது தெரியவே தெரியாது. மூலைக்காலுக்கும் கேட் காலுக்கும் இரண்டு பக்கமும் முட்டுக்கால், அதாவது சாய்வாக முட்டுக்கொடுக்கும் கால், உண்டா என்று பாருங்கள். வலையை இழுத்துக் கட்டும்போது முழு இழுப்பும் மூலையில்தான் விழும், முட்டு இல்லாவிட்டால் கொஞ்ச நாளிலேயே கால் உள்பக்கம் சாய்ந்து வலை தொட்டில் மாதிரி தொங்கும்.

என் கதையைக் கேளுங்கள். நான் இருப்பதிலேயே குறைந்த விலைக்காரரிடம் கொடுத்தேன். குழி இரண்டு அடி ஆழம் என்று பேச்சு. நான் வேலைக்குப் போய்விட்டு இருட்டின பிறகு வந்தால் எல்லாக் காலும் நட்டாகிவிட்டது, வரிசையாக, நூல் பிடித்த மாதிரி, அழகாக. மறுநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் செம்பருத்திக்குப் பின்னால் ஆங்கில் இரும்புத் துண்டுகள் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஓர் அடி, எண்ணினால் பதினொன்று. ஓர் அடி தோண்டியதும் பாறை தட்டியிருக்கிறது, அதற்கு மேல் தோண்டாமல் காலை அடியில் அறுத்து நட்டுவிட்டார்கள். கேட்டால், "பாறை உடைக்க கொட்டேஷனில் இல்லையே சார்" என்கிறார். உண்மைதான், இல்லை! அதனால்தான் உங்கள் மூன்றாமவர் கடப்பாரையால் குத்திப் பார்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் என்ன கண்டார் என்று கேளுங்கள், அந்தத் தொகையில் பாதிக் காரணம் அங்கே இருக்கலாம்.

தூக்கணாங்குருவி:
பதினொன்றா! சரி, அப்படியானால் மூவரிடமும் திரும்பப் போய்க் கேள்வி கேட்க வேண்டுமா? முதல் ஆள் ஏற்கெனவே "நம்பிக்கை இருந்தா கொடுங்க" என்று முறுக்குகிறார்.

கணக்குப்பிள்ளை:
கேள்வி கேட்காதீர்கள், நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தரைக்கு மேல் வலை 6 அடி, 10 கேஜ், 2 அங்குலக் கண்ணி, கால் 8 அடி நீளம் அதில் 2 அடி மண்ணுக்குள், 8 அடிக்கு ஒரு கால், மூலைக்கும் கேட்டுக்கும் முட்டுக்கால், கேட் தனி வரியில், பாறை வந்தால் குழிக்கு எவ்வளவு என்று இன்னொரு வரி. ஏற்றி இறக்கும் கூலி, வரி, தோண்டிய மண்ணை அள்ளிப்போடுவது யார் பொறுப்பு, எல்லாம் அதிலேயே. மூவருக்கும் ஒரே தாள், விலையை மட்டும் அவர்கள் நிரப்பட்டும். முறுக்குகிறவர் நிரப்பவில்லை என்றால் உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

பணம் கொடுப்பதையும் அதிலேயே பிரித்து எழுதுங்கள்: கொஞ்சம் அட்வான்ஸ், சரக்கு இறங்கியதும் ஒரு பங்கு, கால் நட்டு நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு, மீதி கேட் ஆடாமல் மூடின பிறகு.

மண்வெட்டி:
இன்னும் ஒன்று. கான்கிரீட் போட்ட மறுநாளே வலையை இழுத்துக் கட்ட விடாதீர்கள். மூன்று நாளாவது தண்ணீர் ஊற்றி விட்டுவையுங்கள், ஏழு நாள் விட்டால் இன்னும் நல்லது. "ரெண்டே நாளில் முடித்துத் தருகிறோம்" என்று எழுதியிருந்தால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லைக்கல்லை அளந்து, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்திக் காட்டிவிட்டீர்கள்தானே?

தூக்கணாங்குருவி:
காட்டியாகிவிட்டது. இப்போது தாளும் திரும்பி வந்துவிட்டது. முதல் ஆளின் தொகை ஏறி மூன்றாமவரைத் தொட்டுவிட்டது, முதலில் 12 கேஜும் 10 அடிக்கு ஒரு காலும் வைத்துத்தான் போட்டாராம். இரண்டாமவர் இதுவரை போனை எடுக்கவில்லை. மூன்றாமவர் கொஞ்சம் குறைத்திருக்கிறார், அவர் முதலில் 8 கேஜ் கணக்குப் போட்டிருந்தாராம், அதை எழுதத் தோன்றவில்லையாம். பின்பக்க மூலையில் பாறை இருக்கிறது, மூன்று குழிக்குத் தனிக்கூலி என்று அவரே குறித்தும் கொடுத்திருக்கிறார். அவருக்கே கொடுத்துவிட்டேன். குழி தோண்டும் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன்.

மண்வெட்டி:
டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். செம்பருத்திக்குப் பின்னாலும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.