வாசிக்கிறார்களா, ஒப்பிக்கிறார்களா? மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருக்கும்போது வாசிப்பு நேரம்

ஈராசிரியர்பள்ளி:
வணக்கம். 1 முதல் 3 வரை ஒரே அறை, மொத்தம் 24 பிள்ளைகள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை) 9, மொட்டு (இடை நிலை) 10, மலர் (மேல் நிலை) 5. எல்லோரும் சேர்ந்து வாசித்தால் கணீரென்று வாசிக்கிறார்கள். தனியே கேட்டால் பாதிப் பேர் படத்தைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள். இதை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது? ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்ற இரண்டும் கலைந்துவிடுகின்றன, 40 நிமிடத்தை எப்படிப் பிரிக்கலாம்? இன்னொன்று, பள்ளிக்கு வந்த வாசிப்பு இயக்கச் சிறு கதைப் புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிட்டதில் அட்டைகள் கழன்று வருகின்றன.

கீழ்மட்டக்கரும்பலகை:
டீச்சர், முதலில் சோதனை. படத்தைக் கையால் மறைத்துவிட்டு, வரிசையாக இல்லாமல் நடுவில் ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். ஒப்பிக்கும் பிள்ளை வரியின் தொடக்கத்துக்குப் போய், மனத்துக்குள் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வரும். அடுத்து, தெரிந்த எழுத்துகளையே இடம் மாற்றி 10 சொற்கள் எழுதிக் காட்டுங்கள். பாடத்தில் மரம், படம், பழம் வந்திருந்தால் பரம், மடம் என்று மாற்றலாம். டபம், ழரம் என்று பொருளே இல்லாத இரண்டையும் சேருங்கள், அவற்றை ஊகித்துச் சொல்ல முடியாது. 8 சரியென்றால் எழுத்து தெரிகிறது. 5க்குக் கீழே என்றால் அந்தப் பிள்ளைக்குப் பாடம் காதில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை. ஒருவருக்கு 2 நிமிடம் போதும். நாளைக்கு 5 பேர் என்று வைத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

எங்கே தடுக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பிழைக்குக் காரணம் பெரும்பாலும் எழுத்திலேயே இருக்கும். ெ, ே, ை மூன்றும் இடப்பக்கம் எழுதப்படுகின்றன, ஒலியோ மெய்க்குப் பிறகு வருகிறது. கொ, கோவில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டும் பிள்ளை இங்கே நின்றுவிடுவது இயல்பு. குறிகளைத் தனி அட்டையில் எழுதி, நடுவில் 'க' அட்டையை வைத்து நகர்த்திக் காட்டுங்கள்.

உகர வரிசையைப் பதினெட்டாக ஒப்பிக்க வைக்காதீர்கள். வடிவத்தால் மூன்று குடும்பம்: கீழே கோடு இறங்குபவை சு, ஙு, பு, யு, வு. வளைந்து சுற்றுபவை கு, டு, மு, ரு, ழு, ளு. மேலேறும் கொம்பு உள்ளவை ஞு, ணு, து, நு, லு, று, னு. ஒரு குடும்பத்துக்கு 3 நாள் கொடுங்கள்.

வாசிப்புமூலை:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எழுத்துக்கூட்டும்போது ட-வைத் தனியாக வல்லொலியில் சொல்கிறோம், 'படம்' என்ற சொல்லில் அது மென்மையாக ஒலிக்கிறது. பக்கம், தங்கம், அகம் மூன்றிலும் க ஒரே மாதிரியா ஒலிக்கிறது? அதனால்தான் ப, ட, ம் என்று சரியாகக் கூட்டிய பிள்ளைகூட சொல்லை அடைய முடியாமல் விழிக்கிறது. கூட்டி முடித்ததும் "பேசும்போது இதை எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். பேச்சில் தெரிந்த சொல்லாக இருந்தால் தானே பிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் பழகிய சொற்களையே கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

நேரம்: 40 நிமிடத்தை 20, 20 ஆக்குங்கள். முதல் 20 நாள்தோறும் அரும்புக்கு. அடுத்த 20 திங்கள், புதன், வெள்ளி மொட்டுக்கு, செவ்வாய், வியாழன் மலருக்கு. ஒன்பது பேரை ஒரே வட்டமாக உட்கார வைத்தால் கடைசிப் பிள்ளைக்குப் புத்தகம் தலைகீழாகத் தெரியும். அரை வட்டமாக, கீழ்மட்டக் கரும்பலகையைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். நீங்களும் தரையிலேயே, மற்ற இரு குழுவும் கண்ணில் படும்படி.

மற்ற குழுக்கள் கலைவதற்குக் காரணம் குறும்பு அல்ல, வேலை 7, 8 நிமிடத்தில் தீர்ந்துவிடுவதுதான். 20 நிமிடத்துக்கு இரண்டு வேலை கொடுங்கள். மொட்டுக்குச் சொல் எழுதிய 12 மின்னட்டைகளைப் படத்தோடு பொருத்துவது, பிறகு அதில் 4 சொல்லை எழுதுவது. மலர் குழு இருவர் இருவராக ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான் என்று வாசிக்கட்டும். ஐந்து பேர் என்பதால் ஓர் இடத்தில் மட்டும் மூவர். பேசும் வேலையை உங்களிடமிருந்து தள்ளிய மூலையிலும், எழுதும் வேலையை அருகிலும் வையுங்கள்.

நூல்கட்டு:
அட்டை கழல்வதற்குக் காரணம், 16 பக்கப் புத்தகத்தை நடுவில் விரித்துக் கயிற்றில் போடுவது. முழு எடையும் நடு மடிப்பில், ஸ்டேப்ளர் பின் குத்திய இடத்திலேயே விழுகிறது, ஓட்டை அகலமாகி அட்டை வந்துவிடும். மூடிய புத்தகத்தை, முதுகு ஓரமாக எல்லாத் தாளும் பிடிபடும்படி துணி கிளிப்பில் மாட்டுங்கள். அட்டை முனையை மட்டும் பிடித்தால் அதுவும் கிழியும்.

கயிறு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ஒன்று, 60 செ.மீ.யில் ஒன்று. 4 அடிக்கு ஓர் ஆணி இல்லையென்றால் நடுவில் தொய்ந்து எல்லாப் புத்தகமும் ஒரே இடத்தில் குவியும். ஜன்னலுக்கு நேரே கட்ட வேண்டாம், சாரல் அடிக்கும். கிழிந்ததற்குச் செலோ டேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிக் காய்ந்து தாளோடு உரியும். 3 செ.மீ. அகலப் பருத்தித் துணிப் பட்டையை ஃபெவிகாலால் முதுகில் ஒட்டி, ஓர் இரவு எடை வைத்து அழுத்தினால் போதும்.

நுழை, நட, ஓடு, பற என்று நிலை அட்டையிலேயே இருக்கிறது, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறக் கிளிப் வைத்தால் பிள்ளைகளே திருப்பி மாட்டுவார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொங்கவிட வேண்டாம். 15 போதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஈராசிரியர்பள்ளி:
மிக்க நன்றி. ஒரு கேள்வி: அரும்பில் நாலு பேர் 'மரம்' என்பதை 'மாம்' என்கிறார்கள். இது கவனக்குறைவா?

கீழ்மட்டக்கரும்பலகை:
இல்லை டீச்சர். உங்கள் அட்டையில் ர-வையும் துணைக்காலையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். கையால் எழுதும்போது பலரும் ர-வின் அடியில் வரும் சாய்ந்த கோட்டை விட்டுவிடுகிறோம், பிறகு அது துணைக்காலேதான். ர-வுக்கு அந்தச் சாய்வைத் தடித்து எழுதி, மரம், மாரம், மாமரம் என்று அடுத்தடுத்து வைத்து, துணைக்கால்களுக்கு மட்டும் சிவப்பு வட்டம் போடச் சொல்லுங்கள்.