பங்கர்ல தண்ணி வடியவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கம். கோல்ஃப் மைதானப் பராமரிப்புல இருக்கிறவங்க கொஞ்சம் உதவணும்.

எங்க பங்கர்களை, அதாவது மைதானத்துல இருக்கிற மணல் குழிகளை, புதுப்பிக்கப் போறோம். நல்ல மழை பெஞ்சா குழிக்குள்ள மூணு நாள் வரைக்கும் தண்ணி குளம் கட்டி நிக்குது. சரிவுல இருக்கிற மணல் அரிச்சுக்கிட்டு வந்து அடியில குவிஞ்சிடுது. ஆளுங்க அதை அள்ளி மேலே போட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த மழை.

போன வாரம் ஒண்ணைத் தோண்டிப் பார்த்தேன். மேலே வெள்ளை மணல், நாலு விரக்கடைக்குக் கீழே களிமண் கலந்து சாம்பல் நிறமா இருக்கு. பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி உருண்டு நிக்குது. வடிகுழாய் மேல சுத்தியிருந்த துணி, வண்டல் அடைச்சுத் தோல் மாதிரி ஆயிடுச்சு. குழாய்க்குள்ள அடைப்பே இல்ல, தண்ணிதான் அங்கே போய்ச் சேரல.

பழைய மணலை முழுசா எடுத்துட்டு, மீன்முள் வடிவத்துல 4 அங்குலத் துளைக்குழாய் பதிச்சு, சுத்திலும் கழுவின சரளை போடலாம்னு இருக்கோம். மணலோட கனம் குழியோட தரையில 4 முதல் 6 அங்குலம், சரிவுல 2 முதல் 3. வெளித் தண்ணி உள்ளே இறங்காதபடி மேல் விளிம்பையும் திருத்தணும். இதைச் செய்யலைன்னா மத்த செலவெல்லாம் வீண்னுதான் எனக்குத் தோணுது.

குழப்பம் அடிவிரிப்புல, அதாவது மணலும் கீழ்மண்ணும் கலக்காம நடுவுல போடுற அடுக்குல. துணி விரிச்சா மணலைச் சமப்படுத்துற ரேக் பல்லுல மாட்டிக் கிழியுது. சரளை மேல அதை ஒட்டிப் பிடிக்கிற பாலிமர் தெளிக்கிறதா, நுண்துளை கான்கிரீட்டா? செங்குத்தான சரிவுல இதுல ஏதாவது ஒண்ணைப் போட்டு நாலஞ்சு மழைக்காலம் பார்த்தவங்க இருந்தா, மணல் நின்னுச்சா, வண்டல் அடைச்சுதான்னு சொல்லுங்க. படம் இருந்தா இன்னும் நல்லது.