நண்டுண்ணியைப் பார்க்க தனுஷ்கோடி வரை போக வேண்டுமா?

நொய்யல்கரை (திருப்பூர்):
சனவரியில் ஒரு வெள்ளி இரவு வேனில் கிளம்பி, இரண்டு நாள் தனுஷ்கோடியில் கடற்கரைப் பறவைகளைப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு ஊர் திரும்பலாம் என்று எழுதியிருந்தேன். அது வீண் அலைச்சல் என்றும், பறவைகளுக்குத் தொல்லை என்றும் கோபிசெட்டிபாளையத்து அண்ணன் மறுத்திருந்தார். மரியாதையோடு மாறுபடுகிறேன். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியை 2024-இல் பெற்ற நம் நஞ்சராயன் குளத்தில் ஊசிவால் வாத்தையும், மீசை ஆலா என்னும் நீர்ப்பறவையையும் பார்த்துவிடலாம். ஆனால் நண்டைத் தின்று வாழும் நண்டுண்ணிப் பறவை கடலோரச் சேற்றையும் மணல்திட்டையும் விட்டு உள்நாட்டுக் குளங்களுக்கு வருவதில்லை. அதைப் பார்க்க நாம்தான் போக வேண்டும். சென்ற ஆண்டு கோதண்டராமர் கோயிலை அடுத்த ஆழமற்ற நீரில், தடித்த கறுப்பு அலகால் ஒரு நண்டைக் கவ்விய நண்டுண்ணி, அதன் கால்கள் உதிரும்வரை உதறிவிட்டு உடலை மட்டும் விழுங்கியதைக் கண்ணெதிரே பார்த்தேன். எந்தப் படமும் அதைக் காட்டியதில்லை.

கொடிவேரி வாய்க்கால் (கோபி):
தம்பி, கடலுக்குப் போவதை நான் மறுக்கவில்லை. பன்னிரண்டு பேர் வேனிலிருந்து இறங்கி, படத்துக்காக ஒரே பறவைக்கூட்டத்தை நோக்கி நடப்பதைத்தான் மறுக்கிறேன். மணல்திட்டில் ஒற்றைக்காலில் ஓய்வெடுக்கும் கொசு உள்ளான் கைப்பிடிக்குள் அடங்கும் பறவை. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டு, அங்கிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. நாம் ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பில்தான் கைவைக்கிறோம். ஒருமுறை நான் சேர்ந்து போன குழுவில் ஒருவர், ஆலாக்கூட்டம் எழும்பிப் பறக்கும் படம் வேண்டுமென்று வேண்டுமென்றே ஓடினார். தடுக்காமல் நின்றது இன்றும் உறுத்துகிறது. மேலும், கோவையிலிருந்து இராமேசுவரம் 350 கிலோமீட்டருக்கு மேல். பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்தின் பொன்னானிக் கழிமுகத்துக்கு விடியலில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பலாம்.

சூலூர்க் குளத்தான்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். உள்ளானும் நண்டுண்ணியும் கரைப்பறவைகள். நடுக்கடலிலேயே காலம் கழிக்கும் பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் தென்மேற்குப் பருவக்காற்றின் காலமே ஏற்றது. அண்டார்டிகாவில் குஞ்சு பொரித்துவிட்டு அங்கே குளிர்காலமாகும்போது அரபிக்கடல் வரை வரும் சிறிய கருநிறப் புயல்பறவையை சனவரியில் தேடிப் பயனில்லை. புயற்காற்று சில கடற்பறவைகளைக் கேரளக் கரைக்குத் தள்ளுவதும் அந்த மாதங்களில்தான். சோர்ந்து கரையில் கிடக்கும் பறவையைச் சுற்றி நின்று படமெடுக்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

நொய்யல்கரை (திருப்பூர்):
அண்ணன் சொன்ன ஓட்டம் தவறுதான். அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒருவர் ஓடினார் என்பதற்காக, முதன்முறையாகக் கடற்கரைப் பறவையைப் பார்க்க விரும்பும் எங்கள் பின்னலாடைத் தொழிலாளி நண்பர்களை வீட்டிலேயே இருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு பேராகக் குறைக்கிறேன். ஸ்டாண்டில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, பறவைக்கூட்டம் தலைதூக்கிப் பார்க்கத் தொடங்கினாலே அந்த இடத்தில் நின்றுவிடுவோம்.

கொடிவேரி வாய்க்கால் (கோபி):
ஆறு பேர் என்றால் எனக்கு மறுப்பில்லை. பொன்னானிதான் முதலில் என்பதில் என் கருத்து மாறவில்லை. இருந்தாலும், நெல் அறுப்பு முடிந்துவிட்டால், ஓர் இடம் எனக்கும் வையுங்கள்.