எம்.ஏ. கல்வியியல் முடித்த ஆசிரியர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். அரசுப் பள்ளியில் 14 வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். எட்டாம் வகுப்பில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பாதிப் பேர் மேலே தனியாக, கீழே தனியாகக் கூட்டி 2/5 என்று எழுதுகிறார்கள், அது அரையை விடக் குறைவாச்சே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் மனதில் அங்கே என்ன நடக்கிறது என்று முறையாகப் படித்துத் தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆசை. எம்.எட். என்றால் இரண்டு வருடம் நேரடி வகுப்பு, அவ்வளவு விடுப்பு எடுக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. அதனால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில் எம்.ஏ. கல்வியியல் சேரலாமா என்று யோசிக்கிறேன். வேலையில் இருந்துகொண்டே முடித்தவர்கள் சொல்லுங்கள், ஆய்வுக்கு என் வகுப்பையே எடுத்துக்கொள்ள விடுவார்களா? அசைன்மென்ட்டுக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஆகும்? அப்புறம், டிசம்பர் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் ஒன்றாக வந்தால் எப்படிச் சமாளித்தீர்கள்?