விபத்தே நடக்கேல்லை, கை மட்டும் விறைக்குது: டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு (ஒன்ராறியோவின் வேலையிடப் பாதிப்புக் காப்புறுதிச் சபை) கிளெய்ம் போடலாமோ?

ஸ்காபரோவாசி:
வணக்கம். ஏஜென்சி ஊடாகப் பொதி கட்டும் லைனில் வேலை. வலது கை பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும் இரவில் விறைக்குது. கார்ப்பல் டனலாக (மணிக்கட்டில் நரம்பு நெரிபடுற வருத்தம்) இருக்கலாம் எண்டு வைத்தியர் சொல்லுறார். சுப்பர்வைசரோ, "விழவுமில்லை, வெட்டவுமில்லை, பிறகென்ன கிளெய்ம்?" எண்டு கேக்கிறார். ஆர் எந்தப் படிவம் நிரப்ப வேணும்?

மேப்பிள்_இலை:
சுப்பர்வைசர் சொல்வது பிழை. ஒன்ராறியோச் சட்டத்தில் "விபத்து" என்பதற்குள் வேலையால் மெல்ல மெல்ல வரும் பாதிப்பும் அடங்கும்.

படிவம் 6 உங்களுடையது. 7 முதலாளியுடையது, 8 வைத்தியருடையது. ஏஜென்சி ஆட்களுக்கு முதலாளி ஏஜென்சிதான். தொழிற்சாலைக்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்தால் 7 வராமலே போகும். இரண்டு இடத்துக்கும் எழுத்தில் அறிவித்துப் பிரதி வையுங்கள். நீங்கள் வைத்தியரிடம் காட்டியது தெரிந்ததும் 3 வேலைநாளுக்குள் ஏஜென்சி டபிள்யூ.எஸ்.ஐ.பி.க்கு அறிவிக்க வேண்டும். உங்கள் படிவத்துக்கு 6 மாதம். முதலாளி அனுப்பட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கந்தையா_பேரன்:
கிளெய்ம் தோற்கிறது பெரும்பாலும் படிவம் 6இலதான். "ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யிறன்" எண்டு ஒரு வரி எழுதினால் காணாது. பெட்டி எத்தினை கிலோ, மணித்தியாலத்துக்கு எத்தினை, ரேப் கன் (பெட்டிக்கு ரேப் ஒட்டுற கருவி) விசையை எந்த விரல் அமத்துது, மணிக்கட்டு மேல மடியுதோ கீழயோ, நுனிவிரலால கிள்ளிப் பிடிக்கிறதோ முழுக்கையால பிடிக்கிறதோ எல்லாம் எழுதுங்கோ. அதைவிட முக்கியம், நோ தொடங்க முதல் என்ன மாறினது? லைன் வேகம் கூடினதோ, இடம் மாத்தி மாத்தி விடுறது நிண்டதோ, ஓவர்ரைமோ? அதைத் திகதியோட போடுங்கோ.

வருத்தமும் வேலை அசைவும் பொருந்துதோ எண்டு டபிள்யூ.எஸ்.ஐ.பி.யில பாப்பினம். கார்ப்பல் டனல் சின்னிவிரலை விறைக்கப் பண்ணாது. படிவம் 8இல "கை நோ" எண்டு மட்டும் இருந்தால் இழுபடும், நரம்புக் கடத்தல் சோதனைக்கு (நரம்பு செய்தியைச் சரியாகக் கடத்துதோ எண்டு பாக்கிறது) அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ. வேலையால வந்தது எண்டு முதல் சந்திப்பிலயே சொல்லிப் பதிவிக்க வேணும். விபத்து நாளாகப் பொதுவாக எடுக்கிறது, முதல் வைத்தியரிட்டக் காட்டின நாளை. மூண்டு படிவத்திலயும் மூண்டு திகதி இருந்தால் சந்தேகம் தானா வரும்.

ஸ்காபரோவாசி:
நன்றி. சலரோகமும் இருக்கு. மறைக்கிறதோ?

மேப்பிள்_இலை:
மறைக்கவே வேண்டாம், மருத்துவக் கோப்பில் எப்படியும் இருக்கும். சலரோகம், தைரொயிட் இரண்டுமே இந்த வருத்தத்தைக் கொண்டுவரும் என்பது அவர்களுக்கும் தெரியும். வேலை மட்டுமே காரணமாக இருக்கத் தேவையில்லை, கணிசமான பங்கு இருந்தால் போதும். சலரோகம் எத்தனை வருடமாக இருக்கிறது, விறைப்பு எப்போது வந்தது, வேலை செய்யும் கையில் மட்டுமா என்பதை வைத்தியர் எழுதினால் நல்லது.

ஏற்றுக்கொண்டால் இழந்த வருமானத்துக்கு நிகரச் சம்பளத்தின் 85% கிடைக்கும், பாதிப்பு நாளுக்கு மறுநாளிலிருந்து. இலகு வேலை தந்தால் எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள், பணம் வெட்டுப்படும். "லைட் டியூட்டி" என்ற சொல்லை நம்பி அதே ரேப் கன்னைப் பிடிக்கவும் வேண்டாம். "வலது கையால் விசை அமத்தக் கூடாது" என்ற மாதிரித் தடைகளை வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

கந்தையா_பேரன்:
டபிள்யூ.எஸ்.ஐ.பி. கிளெய்மை மறுத்தால் கடிதத்தில இருக்கிற திகதியைப் பாருங்கோ. வேலைக்குத் திரும்புறது பற்றின முடிவெண்டால் ஆட்சேபிக்க 30 நாள்தான், மற்றதுக்கு 6 மாதம். யூனியன் இல்லாதவைக்கு மாகாணத்தின்ர தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் காசில்லாமல் உதவும். டபிள்யூ.எஸ்.ஐ.பி.யோட கதைக்கேக்கை தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம், அதுக்கும் காசில்லை.