பின்னால் சைக்கிள் மணி அடித்தால் அம்மா வலது பக்கம் ஒதுங்குகிறார், என்ன செய்வது?

பொங்கோல்காரன்:
வணக்கம். ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்து என்னோடு தங்கியிருக்கும் அம்மாவுக்கு 71 வயது. தினமும் காலை ஏழரைக்கு பொங்கோல் நீர்வழி ஓரமாக நடப்பார். போன வாரம் சைக்கிளில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் வந்தபிறகு மணி அடிக்க, அம்மா பதறிப்போய் வலது பக்கம் நகர்ந்துவிட்டார், அவர் முந்தப் பார்த்ததும் அதே வலது பக்கம்தான். கைப்பிடி முழங்கையில் உரசியதில் கையிலிருந்த தண்ணீர் போத்தல் விழுந்து புல்வரை உருண்டது. நல்லவேளை, அம்மா விழவில்லை. "மணி கேட்டா எந்தப் பக்கம் போறதுன்னே தெரியலடா" என்று சொல்லி அன்றிலிருந்து கீழே இறங்குவதே இல்லை. சனி ஞாயிறுகளில் நானும் சைக்கிள் ஓட்டுகிறேன். இத்தனை நாள் நானும் அப்படித்தானே அடித்திருக்கிறேன் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. எவ்வளவு தூரத்தில் அடிப்பது சரி? அம்மாவுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

சங்கிலி எண்ணெய்:
அம்மா எப்படி இருக்கிறார்? முழங்கை வீங்கவில்லையே?

தெம்பனிஸிலிருந்து எட்டு வருடமாக வேலைக்கு சைக்கிளில்தான் போகிறேன், நானும் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். 25 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏழு மீட்டர். இரண்டு மீட்டர் தூரத்தில் மணி அடித்தால் முன்னால் நடப்பவருக்கு அரை நொடிகூடக் கிடைக்காது, அதற்குள் யாரும் யோசித்து ஒதுங்க முடியாது, உடம்பு தானாகத் துள்ளும், அவ்வளவுதான். நான் செய்வது இது: பதினைந்து இருபது மீட்டர் தள்ளியே ஒரே ஒரு தடவை அடிப்பேன், உடனே மிதிப்பதை நிறுத்திவிடுவேன். பின்சக்கரம் கிர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டே வரும் பாருங்கள், அது மணியைவிட நல்லது, யாரையும் விரட்டாது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரியும். அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்தபிறகுதான் நடை வேகத்தில் முந்துவேன். நகரவில்லையா, பின்னாலேயே போவேன். மணி அடித்துவிட்டால் வழி விட்டே ஆக வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அங்கேதான் தப்பு. மணி நாம் வருவதைச் சொல்வதற்கு மட்டும்தான்.

ஈசூன் பாட்டி:
தம்பி, எனக்கு இரண்டு காதிலும் கருவி. சத்தம் கேட்கும், ஆனால் இடதா வலதா என்று பிரித்துத் தெரியாது. அதனால் யாராவது "ஆன்ட்டி, வலது பக்கம் வரேன்" என்று வாயால் சொன்னால் எவ்வளவோ நிம்மதி. அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: மணி கேட்டால் ஒதுங்கவே வேண்டாம், இடது ஓரத்தில் எப்படி நடக்கிறாரோ அப்படியே நேராக நடக்கட்டும், முந்துகிறவர் சுற்றிப் போய்விடுவார். சட்டென்று நிற்பதும் திரும்புவதும்தான் ஆபத்து. அப்புறம் நடக்கிறவர்கள் பக்கமும் தப்பு உண்டு. நாங்கள் தோழிகள் நான்கு பேர் பாதையை அடைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடப்போம், இப்போது இரண்டு இரண்டாகப் போகிறோம்.

மாலைநடை:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்கு 10 கி.மீ., சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25. 2025 ஜூலை 1 முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருந்தால் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. ஆனால் 25 என்பது உச்ச வரம்பு. குழந்தைகளும் முதியவர்களும் நடக்கும் காலை நேரத்தில் அந்த வேகத்தில் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரவு டெலிவரி:
மின்சைக்கிளில் உணவு கொண்டுபோகிறேன், நடைபாதையில் அதை ஓட்டவே கூடாது என்பதால் சைக்கிள் பாதையும் சாலையும்தான். நேரம் நெருக்கும், உண்மைதான். ஆனால் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் பாதை போகும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன், பேருந்திலிருந்து இறங்குகிறவர் கண் கைப்பேசியில்தான் இருக்கும். அடுக்குமாடி புளோக் மூலையில் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை ஓடிவந்து என் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து மூலை வந்தாலே இரண்டு பிரேக்கிலும் விரல் வைத்துவிடுவேன்.

பொங்கோல்காரன்:
எல்லாருக்கும் நன்றி. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான், ஆறிவிட்டது. பாட்டி சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், "அப்ப நான் நேரா நடந்தா போதுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். இன்று சாயங்காலம் அவர் முன்னால் நடக்க, நான் பின்னால் சைக்கிளில் வந்து தூரத்திலிருந்து மணி அடித்துப் பழக்கப் போகிறேன். பின்சக்கரச் சத்தத்தையும் கேட்க வைக்கிறேன்.